ஹீயும் இல்லை, ஷீயும் இல்லை

தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. இடம் டெல்லி பகவான்தாஸ் சாலை, உச்ச நீதிமன்றத்துக்குக் கூப்பிடு தூரம். தர்மபுரியிலோ தென்காசியிலோ தொடங்கிய வழக்கு மேல்முறையீடாக இங்கே வந்து சேரும்போது, கூடவே ஒரு கட்டுத் தமிழும் வரும். முதல் தகவல் அறிக்கை, சாட்சி வாக்குமூலம், கிரயப் பத்திரம், சில சமயம் ஊர்க் கூட்டத்தில் கையால் எழுதிய தீர்மானம். அத்தனையும் ஆங்கிலமானால்தான் கோர்ட்டுக்குள் போகும்.

இந்த வேலையில் ஒரு பழைய தலைவலி உண்டு. ‘மணி அன்று இரவு வந்து கதவைத் தட்டினார். அவர் கையில் அரிவாள் இருந்தது’ என்று ஒரு வாக்குமூலம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி ஆணா, பெண்ணா? தமிழுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆங்கிலம் விடாது. இரண்டாவது வாக்கியத்திலேயே ‘ஹிஸ் ஹேண்ட்’ என்றோ ‘ஹெர் ஹேண்ட்’ என்றோ எழுதித் தீர வேண்டும். முத்து, செல்வம், மதி, ராஜம், கண்மணி என்று நம் ஊரில் இருபாலுக்கும் வைக்கும் பெயர்கள் கொஞ்சமா? உடனே இங்குள்ள வக்கீலுக்கு போன். அவர் கீழ்க்கோர்ட் வக்கீலுக்கு போன். அவர் கட்சிக்காரருக்கு போன். யாரும் கிடைக்காவிட்டால் ‘தி செட் மணி’, அதாவது ‘மேற்படி மணி’ என்று பக்கம் முழுக்க மேற்படி போட்டே ஓட்டுவேன். சட்ட ஆங்கிலத்தில் இந்த வறண்ட நடை வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம்.

அதனால்தான், ‘ஹீ’யும் ‘ஷீ’யும் போதாது என்று ஆங்கிலத்தில் புதிய பிரதிப்பெயர்களை உண்டாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு மற்றவர்கள் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அப்படி ஒரு சொல் தொழில் ரீதியாகவே வேண்டியிருந்தது.

இப்போது டெல்லியில் இளம் வக்கீல்கள், தொண்டு நிறுவனக்காரர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் எழுதும் மின்னஞ்சலில் பெயருக்குக் கீழே ஒரு சின்ன வரி இருப்பதைப் பார்க்கலாம். ‘ஷீ / ஹெர்’ என்றிருக்கும், ‘ஹீ / ஹிம்’ என்றிருக்கும். சிலருக்கு ‘தே / தெம்’. அபூர்வமாக ‘ஸீ / ஹியர்’ என்றோ ‘ஏ / எம்’ என்றோ. என்னைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைப் போட்டுப் பேசுங்கள் என்பதுதான் அந்த வரியின் பொருள். ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளில் எதிலும் தன்னை வைத்துக்கொள்ளாத ஒருவருக்கு ‘ஹீ’ என்பதும் பொருந்தாது, ‘ஷீ’ என்பதும் பொருந்தாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் யாரோ ஒருவருடைய சட்டையை மாட்டிவிடுகிற மாதிரி இருக்கும்.

இது இன்ஸ்டாகிராம் தலைமுறை கிளப்பிய விஷயம் என்று நினைத்தால் அது தவறு. அமெரிக்காவில் சார்லஸ் குரோசாட் கான்வர்ஸ் என்று ஒரு வக்கீல் இருந்தார். இசையும் அமைப்பார். நம் ஊர்த் தேவாலயங்களிலும் பாடப்படும் ‘வாட் எ ஃப்ரெண்ட் வீ ஹேவ் இன் ஜீசஸ்’ பாட்டின் மெட்டு அவருடையதுதான். வக்கீல் அல்லவா, என்னைப் பிடித்த தலைவலி அவரையும் பிடித்திருக்கிறது. ‘தட் ஒன்’ என்பதைச் சுருக்கி ஒரு பொதுச்சொல்லை 1858-இல் உருவாக்கி 1884-இல் வெளியிட்டார். அதை அமெரிக்க வாயால் உச்சரித்தால் ஏறக்குறைய நம்முடைய ‘தான்’ மாதிரியே ஒலிக்கும். தமிழில் ‘தான்’ என்பதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல். தற்செயல்தான், ஆனாலும் அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அந்தச் சொல் 1934-ஆம் ஆண்டு மெரியம் வெப்ஸ்டர் பெரிய அகராதியில் இடம் பிடித்தது. 1961-இல் வந்த அடுத்த பதிப்பில், யாரும் பயன்படுத்தவில்லை என்று தூக்கிவிட்டார்கள்.

அது ஒன்றுதான் என்றில்லை. டென்னிஸ் பாரன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் இப்படிப் பிறந்து மறைந்த சொற்களைத் தேடித் திரட்டியிருக்கிறார். இருநூற்றுக்கும் மேல் தேறுகின்றன. 1975-இல் சிகாகோவில் வணிகத் தொடர்பாளர் சங்கம் ஒன்று இதற்காகவே போட்டி வைத்தது. வென்றவர் கிறிஸ்டின் எல்வர்சன். ‘தே, தெம், தெய்ர்’ மூன்றின் தலையையும் சீவினார்; ‘ஏ, எம், எய்ர்’ கிடைத்தது. கேட்பதற்குக் கரகரப்பில்லாத சொல். எனக்குப் பிடித்ததும் அதுதான். ‘ஸீ’ ஆசாமிகளிடம் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அதன் செயப்படுபொருள் வடிவமான ‘ஹியர்’, ‘இங்கே’ என்ற சொல்லைப் போலவே ஒலிக்கிறது. தொலைபேசியில் யார் எங்கே என்று புரிவதற்குள் இணைப்பே போய்விடும்.

இவ்வளவு பேர் மெனக்கெட்டதற்குக் காரணம், ‘ஹீ’ என்றால் எல்லோரையும் குறிக்கும் என்ற பழைய இலக்கணச் சமாதானம் நடைமுறையில் நிற்கவில்லை என்பதே. இதற்கு லண்டன், நியூயார்க் வரை போக வேண்டாம். நம் சட்டப் புத்தகமே போதும்.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் எட்டாவது பிரிவில், ‘ஹீ’ என்பது ஆண், பெண் யாரையும் குறிக்கும் என்றது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் பதின்மூன்றாவது பிரிவில், ஆண்பால் சொற்களில் பெண்ணும் அடக்கம் என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1916-இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா என்ற பெண் சட்டம் படித்துத் தேறி, அலிப்பூர் நீதிமன்றத்தில் வழக்காடப் பதிவு கேட்டார். சட்டத்தில் ‘ஹீ’ என்றிருந்தால் நானும்தானே அடக்கம் என்பது அவர் பக்கத்து வாதம். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1921-இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். பெண்களும் வக்கீலாகலாம் என்று 1923-இல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. திருடினால் ‘ஹீ’க்குள் பெண் உண்டு, கறுப்பு அங்கி கேட்டால் இல்லை. இதைப் படித்த பிறகு ‘எல்லாம் ஒன்றுதான், எதற்கு இந்த வம்பு’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடுகிறது.

இதில் வேடிக்கையான அத்தியாயம் 2023-இல் எழுதப்பட்டது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் குடிமகன், குடிமகள் எல்லோருக்கும் ‘ஷீ’, ‘ஹெர்’தான். ‘ஷீ’ என்பது எந்தப் பாலினத்தவரையும் குறிக்கும் என்று வரையறையே இருக்கிறது. இந்தியச் சட்ட வரலாற்றில் இதுவே முதல் முறை என்று அரசு பெருமையோடு சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நிறைவேறியது. அதில் மறுபடி ‘ஹீ’. ஆனால் இப்போது அந்த ‘ஹீ’க்குள் ஆண், பெண், திருநர் மூவரும் அடக்கம். ஒரே ஆண்டில், ஒரே அவையில், ஒரு சட்டத்துக்கு நான் ‘ஷீ’, இன்னொரு சட்டத்துக்கு ‘ஹீ’. உரிமை என்றால் பெண்பால், குற்றம் என்றால் ஆண்பால் என்று எங்கள் தட்டச்சர் ஒருவர் விளக்கம் சொன்னார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் கிடைக்கவில்லை.

‘தே’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் போதும். ஆங்கிலத்தில் ஒருவரை ‘தே’ என்று சொல்லும் வழக்கம் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ‘யூ’ என்பதே ஒரு காலத்தில் பன்மை. நம் ‘நீங்கள்’ மாதிரி மரியாதைக்காக ஒருவருக்கும் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்டது. 2019-இல் மெரியம் வெப்ஸ்டர், இருபாலுக்குள்ளும் அடங்காத ஒருவரைக் குறிக்கும் சொல் என்ற பொருளையும் ‘தே’க்குச் சேர்த்து, அந்த ஆண்டின் சொல்லாகவும் அதையே அறிவித்தது. இன்று இதுதான் பரவலாகப் புழங்குகிறது.

சிக்கல் எங்கே என்றால், என் மேசையில். காவல் நிலையத்தில் ஒருவருக்கு நடந்ததைச் சாட்சி சொல்கிறார்: போலீசார் வந்தார்கள், இவரை அழைத்துப் போனார்கள், இவர் மறுத்தார், அவர்கள் அடித்தார்கள். இவருக்கும் ‘தே’, போலீசாருக்கும் ‘தே’ என்றால் யார் யாரை அடித்தது? வழக்கே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. இந்த மாதிரி இடத்தில் ‘ஸீ’ அல்லது ‘ஏ’ இருந்தால் வாக்கியம் தெளிந்த நீர். புதிய சொற்களை விரும்புபவர்கள் எல்லோரும் இதற்காக விரும்புகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அவரவருக்கு அவரவர் காரணம். எனக்கு இது போதுமான காரணம்.

பயன்படுத்தும் முறை பழகுவதற்குக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். கையெழுத்து வரியில் இரண்டு சொற்கள் இருந்தால், முதலாவது எழுவாய், இரண்டாவது செயப்படுபொருள். ‘ஹீ / ஹிம்’ இருக்கும் இடத்தில் அப்படியே வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். ‘தே’க்கு வினை பன்மையில் வரும்: ‘தே ஆர் கமிங்’. ‘ஸீ’க்கும் மற்ற புதுச்சொற்களுக்கும் பெரும்பாலும் ஒருமை: ‘ஸீ இஸ் கமிங்’. உடைமைச் சொல்லைச் சிலர் மூன்றாவதாக எழுதியிருப்பார்கள், எழுதாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம். வாய் தவறிப் பழைய சொல் வந்துவிட்டால் திருத்திச் சொல்லிவிட்டு மேலே பேச வேண்டியதுதான். ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டு, அவரையே நம்மைச் சமாதானம் செய்ய வைப்பதுதான் பெரிய தொல்லை. எதுவும் நினைவுக்கு வரவில்லையா, பெயரைச் சொல்லுங்கள். பெயருக்கு மேல் என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. அலுவலகத்தில் ‘தே’ என்றிருப்பவர் வீட்டில் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரிலிருந்து அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நம் புதிய அறிவைக் காட்டிவிடக் கூடாது. யார் முன்னால் எதைச் சொல்லலாம் என்று தனியாக இருக்கும்போது முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. டெல்லியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பல பிள்ளைகள் இரண்டு சொற்களோடுதான் வாழ்கிறார்கள்.

ஆங்கிலத்தோடு இந்த நகரத்தில் கதை முடிவதில்லை. தெருவில் இறங்கினால் ஹிந்தி. அங்கே பிரதிப்பெயருக்குப் பால் கிடையாது. ‘வஹ்’ என்பது அவனுக்கும் அவளுக்கும் ஒன்றுதான். பால் வினையில் ஒளிந்திருக்கிறது. அதிலும், தன்மையிலேயே. ‘மைம் ஜாதா ஹூம்’ என்றால் போகிற நான் ஆண், ‘ஜாதீ ஹூம்’ என்றால் பெண். ஆங்கிலத்தில் அடுத்தவர் என்னைப் பற்றிப் பேசும்போது மட்டுமே எழும் கேள்வி, ஹிந்தியில் நானே வாயைத் திறந்து ‘டீ குடிக்கிறேன்’ என்று சொல்லும்போதே எழுந்துவிடும். பஸ்ஸுக்கே ‘ஆதீ ஹை’ என்று பெண்பால் போட வேண்டிய மொழி அது. நம்மவர்கள் டெல்லிக்கு வந்த புதிதில் பால் மாற்றிப் பேசி வாங்கிக் கட்டிக்கொள்வதெல்லாம் தனிக்கதை.

இதற்கு ஹிந்தி பேசுபவர்களே வழி வைத்திருக்கிறார்கள். பிகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் ‘நான்’ என்பதற்குப் பதில் ‘ஹம்’, அதாவது ‘நாம்’ என்று பேசுவது வழக்கம். ‘ஹம் ஜாயேங்கே’ என்று ஆணும் சொல்வார், பெண்ணும் சொல்வார். டெல்லியில் இதைக் கேலி செய்வார்கள், கிராமத்துப் பேச்சு என்பார்கள். பாட்னாவிலிருந்து வந்த, இருபாலுக்குள்ளும் தன்னை அடைக்காத ஒரு பயிற்சி வழக்கறிஞருக்கு அந்தக் கேலிப் பேச்சே கவசமாகிவிட்டது. தாய்மொழி வழக்கத்தைப் பேசுவதாகவே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். வட இந்தியத் திருநங்கைச் சமூகமான ஹிஜ்ராக்கள் இதை வேறு விதமாகக் கையாள்கிறார்கள். அவர்களுடைய ஹிந்தியைக் காசியில் ஆராய்ந்து, கிரா ஹாலும் வெரோனிகா ஓ’டோனவனும் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே ஆள் ஒரே பேச்சுக்குள் ஆண்பால் வினைக்கும் பெண்பால் வினைக்கும் மாறி மாறிப் போவதையும், அந்த மாற்றத்தில் நெருக்கம், தூரம், கோபம் எல்லாம் வெளிப்படுவதையும் அதில் காட்டியிருக்கிறார்கள். வெளியார் குழப்பம் என்று நினைப்பது உண்மையில் நுட்பமான கையாளல்.

நம் தமிழுக்கு வருவோம். ‘அவர்’ இருக்கிறதே, நமக்கு என்ன கவலை என்று மார்தட்டும் ஆட்களை டெல்லித் தமிழ்க் கூட்டங்களில் நிறையச் சந்திக்கிறேன். எழுத்தில் அது உண்மைதான். பழைய இலக்கணக்காரர்கள் இதில் நம்மைவிடத் துணிச்சலாகவே இருந்திருக்கிறார்கள். நன்னூல் எழுதிய பவணந்தியார், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலிலும் சொல்லச் சொல்கிறார். பிறப்பைப் பார்க்கவில்லை, விருப்பத்தைப் பார்க்கிறார். அதே சூத்திரத்தின் கடைசியில் அஃறிணையாகவும் சொல்லலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கதவு வழியாக வந்த ‘அது’வைத்தான் நம் தெருக்கள் நூற்றாண்டுகளாக வசையாக வீசின.

பேச்சில் நிலைமை வேறு. ‘அவரு’ என்றால் காதில் ஆண்தான் விழுகிறார். பெண்ணுக்கு மரியாதை தர ‘அவங்க’ என்கிறோம். அதுவே பலருக்கும். ஆகவே ஆங்கில ‘தே’க்குச் சரியான இணை ‘அவங்க’. மேலே சொன்ன பயிற்சி வழக்கறிஞரை மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ‘அவங்க எட்டு மணிக்கு வராங்கம்மா’ என்று மாமியாரிடம் சொன்னேன். ‘எத்தனை பேருடி, அரிசி எவ்வளவு போடட்டும்?’ என்றார். ஆங்கிலேயர்களின் இலக்கணச் சண்டை எங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல், ‘அவர்’ நம்மிடம் மரியாதைச் சொல்லாகவும் இருப்பது. பாலைக் காட்டாமல் பேச வேண்டுமென்றால் மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் ‘அவர்’ சொல்கிறார்கள்? தம்பிக்கு, தங்கைக்கு, கூடப் படித்த நண்பருக்கு? நெருக்கம் வந்ததும் நாம் ‘அவன்’, ‘அவள்’ ஆகிவிடுகிறோம். அந்த நெருக்கத்துக்குள் மூன்றாவதாக ஒரு சொல் இல்லை. இன்னொரு பக்கம், வீட்டு வேலைக்கு வருபவருக்கு, குப்பை எடுப்பவருக்கு, வாசல் காவலாளிக்கு எத்தனை வீடுகளில் ‘அவர்’ கிடைக்கிறது? வீட்டுக்கு வந்து பேசும்போது ‘தே’யை மூச்சு விடாமல் கிண்டல் செய்த ஒரு பெரியவர், ஒரு மணி நேரத்தில் காரோட்டியை ஒரு தடவைகூட ‘அவர்’ என்று சொல்லவில்லை. அவருக்கு இலக்கணத்தோடு தகராறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தான் விரும்பாத இடத்தில் ஒரு மரியாதையைக் கேட்டு வாங்குகிறார்களே என்பதுதான் அவருடைய எரிச்சல்.

சொல் உண்டாக்கினால் புழக்கத்துக்கு வராது என்பதும் பொய். சுவீடனில் 1960-களிலேயே யோசித்து வைத்த ‘ஹென்’ என்ற பொதுச்சொல், 2012-இல் ஒரு குழந்தைக் கதைப் புத்தகத்தில் வந்து, மூன்றே ஆண்டுகளில் சுவீடிஷ் அகாடமி அகராதிக்குள் போய்விட்டது. நம்மிடம் ‘திருநங்கை’ என்ற சொல் செய்தித்தாள்களில் பழைய வசைச்சொற்களைத் துரத்தியதை நாமே பார்த்தோம். சுஷ்மா என்பவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் கொடுத்த உத்தரவைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் பாலினச் சொற்களுக்கு ஒரு பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. என் மேசையில் அது எப்போதும் இருக்கும். பெயர்ச்சொற்களுக்கு அது நன்றாக உதவுகிறது. அவன், அவள் விஷயத்தில் நானும் வக்கீலும்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் நடைமுறையைச் சொல்கிறேன். கட்சிக்காரருக்கு என்ன சொல் வேண்டும் என்று முதலில் கேட்டுவிடுகிறோம். மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்தில், மூலத்தில் ‘அவர்’ என்றிருக்கும் இடங்களில் இன்ன சொல் ஆளப்பட்டிருக்கிறது என்று ஒரு குறிப்பு. அதற்குப் பிறகு கடைசி வரை அதே சொல், மாற்றமில்லை.

பிரதிப்பெயரைக்கூடச் சமாளித்துவிடலாம். அண்மையில் ஒரு பிரமாணப் பத்திரம் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. இங்கே பெயருக்கு அடுத்து ‘சன் ஆஃப்’, ‘டாட்டர் ஆஃப்’, ‘வைஃப் ஆஃப்’ இவற்றில் ஒன்றை, எஸ் / ஓ, டி / ஓ, டபிள்யூ / ஓ என்று சுருக்கிப் போட்டே ஆக வேண்டும். கட்சிக்காரர் மகனும் இல்லை, மகளும் இல்லை. ‘சைல்ட் ஆஃப்’ போடலாம் என்றார் வக்கீல். சுருக்கினால் சி / ஓ. அதைப் பார்க்கிற எவரும் ‘கேர் ஆஃப்’ என்று படித்து, அப்பா பெயரை விலாசத்தில் சேர்த்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். அதற்குள் தட்டச்சர் ‘சைல்ட் ஆஃப்’ என்று முழுதாகவே அடித்து முடித்துவிட்டார். கட்டணம் பக்கத்துக்குத்தானே மேடம், எழுத்துக்கு இல்லையே என்றார்.